ஏழு பக்க உருப்படி

உன் பெட்டியைத் திறந்ததும் எனக்கு அடுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஏழோ எட்டோ, எண்ணவில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க எல்லாரும் பாச்சை உருண்டை போடுவார்கள். பாட்டு நோட்டுத்தாள்களுக்கு நடுவே மிளகைத் துணியில் முடிந்து போட்டு வைக்கிற ஆள் இந்தக் கொல்லிமலையில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். கண்ணில் தண்ணீர் வழிய நான் நின்றதைப் பார்த்து உன் மனைவி செல்வி நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அவளும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தும்மல்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பொட்டி உங்க ஊட்லயே இருக்கட்டுமுங்கண்ணா. இனி நீங்கதான் பாட்டு எடுக்கோணும்" என்றாள்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. தை மாதக் கச்சேரிக்கு எட்டு உருப்படி எடுக்க வேண்டும். பட்டியல் ஞாயிற்றுக்கிழமைக்குள் கைக்கு வர வேண்டும் என்று பேண்டு மொத்தமும் கேட்கிறது. அவர்கள் கேட்பதும் நியாயம்தான். பொங்கல் கழிந்து மிளகு பறிப்பு தொடங்கிவிட்டால் பாதிப் பேர் ஏணி மேல் நிற்பார்கள், ஒத்திகைக்கு எவன் வருவான்? ஆக எனக்கு இருந்தது ஐந்தே நாள். செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துத் தாள்களைத் தரையெல்லாம் பரப்பினேன். பரப்பிவிட்டு எழுந்துபோய் டீ குடித்தேன். வந்தேன். இரண்டு தாளைப் புரட்டினேன். மறுபடி எழுந்து வாசலுக்குப் போனேன். முப்பது வருடம் பஸ்ஸில் நின்றே பிழைத்தவனுக்கு உட்கார எங்கே தெரியும்? காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரைக்கும் எழுபது வளைவிலும் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த கால் இது. ரிட்டயர்டு ஆகி இரண்டு வருடமாகியும் அடங்க மாட்டேன் என்கிறது.

உனக்கு உட்காரத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு செம்மேடு பஸ் ஸ்டாண்டில் உன் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் சாயந்திரம் வரைக்கும் அசைய மாட்டாய். நான் ஒவ்வொரு தாளாக எடுத்து மெட்டை முணுமுணுத்துக் காட்டுவேன். தொடையில் தாளம் போடுவேன். "இதக் கேளேன், எப்படி ஏறுது பாரு!" என்பேன். நீ கேட்கவே மாட்டாய். தாளை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எது உச்ச ஸ்வரம், எது அடி ஸ்வரம், எத்தனை இடத்தில் மூச்சு விட இடமிருக்கிறது என்று பென்சில் முனையால் தடவிக்கொண்டே போவாய்.

"மெட்டு கெடக்குது. மொதல்ல ஆளப் பாருப்பா" என்பாய்.

ஆலத்தூர் நாட்டுக் கிராமத்திலிருந்து டியூபா ஊத வருகிறவர் அந்த மாதம் காபி உலர்த்துவாரா, வருவாரா? பெரிய டிரம் அடிப்பவரின் மகளுக்குப் பிரசவம் எப்போது? இதெல்லாம்தான் உன் கேள்வி. தாளின் தலையில் வாத்தியத்தின் பெயரை எழுத மாட்டாய், ஊதுகிற ஆளின் பெயரை எழுதுவாய். பாட்டு எடுக்கச் சொன்னால் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி விசாரிக்கிறானே என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன்.

நம் பேண்டே ஒரு கேலிதான், சொல்லப்போனால். விடுதிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊதக் கற்றுக்கொண்ட நாம் இரண்டு பேரும், நமக்கு நாற்பது வயது ஆன பிறகு ஆள் சேர்த்து, கல்யாண ஊர்வலத்துக்கெல்லாம் போக மாட்டோம், நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வாசிப்போம் என்று ஆரம்பித்தோமே! முதல் கச்சேரியில் தேவனூர் நாட்டுப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, "ஏனுங்க, நடக்காம உக்காந்துட்டே வாசிக்கறீங்க, ஆருக்காச்சும் மேலுக்கு முடியலீங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ உன் பெரிய பித்தளைக் குழல் யூபோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, எல்லாத்துக்குமே முட்டி வலிங்க" என்றாய். அன்றிலிருந்து மலையில் நமக்கு முட்டிவலிப் பேண்டு என்றே பெயர்.

சரி, என் பல்லுக்கு வருகிறேன். அதைச் சுற்றித்தானே எல்லாம் நடந்திருக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்து, டிரைவர் பிரேக் அடித்து, டிக்கெட் கொடுக்கக் குனிந்திருந்த நான் சீட்டுக் கம்பியில் வாயைக் கொண்டுபோய் இடித்தேன். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் போச்சு. நாமக்கல்லில் புதுப் பல் கட்டிக்கொண்டேன். ஆறு மாதம் என் கார்னெட்டை, அந்தக் குட்டி டிரம்பெட்டைத் தொடவில்லை. அலமாரி மேல் துணி சுற்றிப் போட்டுவிட்டேன். கார்னெட் ஊதுகிறவனுக்கு முன்பல் போவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியாததா. உதட்டுக்குப் பின்னால் பிடிமானம் இல்லாமல் மேல் ஸ்வரம் நிற்காது. அப்போதுதான் நீ ஒரு கட்டுத் தாளோடு என் வீட்டுக்கு வந்தாய். "பழைய தாளெல்லாம் நைஞ்சு போச்சு. புதுசா எழுதீட்டேன். சும்மா ஊதிப் பாரு" என்றாய்.

ஊதினேன். எல்லாம் வந்தது! ஒரு உருப்படி பாக்கியில்லாமல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறு மாதமே, மேல் ஸ்வரமெல்லாம் ஊதுகிற முதல் கார்னெட் நாற்காலியில் மறுபடி போய் உட்கார்ந்துகொண்டேன். பஸ்ஸிலும் கச்சேரியிலும் கிடைத்த ஆளிடமெல்லாம், "பல்லு போனா என்னங்க, ஊதறது மூச்சுங்க" என்று ஒன்பது வருடம் பெருமை அடித்திருக்கிறேன். நீ பக்கத்தில் நின்று யூபோனியத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாய். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த ஏழு பக்க உருப்படி நம் கைக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். ராணுவ பேண்டில் இருந்து ஓய்வுபெற்ற யாரோ ஒருவர் உனக்கு அனுப்பியது. மெதுவாகத் தொடங்கி, ஆறாம் பக்கத்தில் மற்ற எல்லா வாத்தியமும் அடங்கிவிட, முதல் கார்னெட் மட்டும் தனியாக ஏறி ஏறி மேல் சி ஸ்வரம் வரைக்கும் போகும். ஐந்து கோட்டுக்கும் மேலே இன்னும் இரண்டு சின்னக் கோடு போட்டு எழுதியிருக்கும் அந்த சி. படிக்கும்போதே எனக்குப் புல்லரித்தது. அதை எடு, அதை எடு என்று ஒவ்வொரு கச்சேரிக்கும் உன்னை அரித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு வைத்திருந்தாய். "ரொம்ப நீளம்ப்பா." "இந்தக் குளிர்ல எவன் உக்காந்து கேப்பான்?" "கிளாரினெட் தாளு ஒண்ணு காணோம்." போன ஆடியில் என் பொறுமை போய்விட்டது. ஒத்திகையில் இருபது பேர் பார்க்க, "நான் மேல ஏறி ஊதிப் பேரு வாங்கீட்டா உனக்குப் பொறுக்காது. பொறாமை புடிச்சவன் நீ" என்று கத்தினேன்.

நீ தாள்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினாய். "சரி, அடுத்ததப் பாக்கலாம்" என்றாய்.

பிறகு உனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தேன். சொன்னது தப்பு என்று சொல்லத்தான் வந்தேன். வந்து உட்கார்ந்து, இட்லி சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்குகிறது என்று நீ சொன்னாய், யாரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று அரைமணி நேரம் பேசினோம். மறுநாள் காலையில் செல்வி போன் செய்தாள். அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெட்டியின் அடியில் பழைய அச்சுத் தாள்கள் கிடைத்தன. நைந்து போச்சு என்று நீ சொன்ன அதே தாள்கள். ஒன்றும் நையவில்லை. மொடமொடவென்று புதுத் துணி மாதிரி இருந்தன. எனக்குச் சுருக்கென்றது. அச்சுத் தாளையும் நீ எனக்கு எழுதிக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சில் முதல் கார்னெட் ஏறுகிற இடத்திலெல்லாம் உன் கையெழுத்தில் அது இறங்கிப் போகிறது. நான் விட்ட மேல் ஸ்வரத்தைக் கிளாரினெட் எடுத்துக்கொள்கிறது. ஒரு உருப்படியில் இல்லை, இரண்டில் இல்லை. நாம் வாசித்த அத்தனையிலும்! இப்படி இறக்கி எழுத முடியாத பாட்டுகளைத்தான் நீ வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறாய்.

கூடவே ஒரு பள்ளிக்கூட நோட்டும் இருந்தது. வருடத்துக்கு ஒரு பக்கம். பேண்டில் இருப்பவர்கள் பெயர், அவரவர் அந்த வருடம் எட்டக்கூடிய உச்ச ஸ்வரம். என் பெயருக்கு நேரே முதலில் மேல் சி. பிறகு ஜி. ஜி. ஜி. வரிசையாக ஜி. சி எங்கே, ஐந்தாம் கோட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிற ஜி எங்கே! கடைசிப் பக்கத்தில், "ஜி. களைத்தால் அதுவும் இல்லை" என்று எழுதியிருந்தாய்.

கார்னெட்டை எடுத்துக்கொண்டு காபிச் செடிகளுக்கு நடுவே போனேன். ஏழு பக்க உருப்படியின் ஆறாம் பக்கத்தை ஊதினேன். ஜி வந்தது. அதற்கு மேலே வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி காற்று. உதட்டில் ரத்தம் கசியும்வரை ஊதினேன். பக்கத்துத் தோட்டத்து அம்மா வேலி மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க கண்டக்டரே, பேண்டு ரிப்பேருங்களா?" என்றார்.

"ஆமாங்க, ரிப்பேருதான்" என்றேன்.

உன் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! செத்துப்போனவன் சட்டையைப் பிடிக்க முடியாது என்பதுதான் பெரிய அநியாயம். நேரே மல்லிகாவைப் பார்க்கப் போனேன். கிராம நர்சு வேலைக்கு நடுவில் கிளாரினெட்டும் ஊதுகிற மல்லிகாவுக்குத் தெரியாமல் இது நடந்திருக்க முடியாது. என் ஸ்வரமெல்லாம் அவள் தாளில்தானே போய் உட்கார்ந்திருக்கிறது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவளை வழியிலேயே மறித்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "தெரியுமுங்கண்ணா" என்றாள்.

"இன்னும் ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க. பெரிய டிரம் அடிக்கறவரு ஒருத்தருக்குத்தான் தெரியாதுங்க. அவருக்கு நோட்டே படிக்கத் தெரியாதுங்களே."

"ஏம்மா ஒருத்தரும் சொல்லல?"

"அவரு எல்லார்த்துகிட்டயும் சத்தியம் வாங்கீட்டாருங்கண்ணா. தெரிஞ்சா நீங்க ஊதறதயே உட்டுருவீங்கன்னு பயந்துட்டாருங்க."

விட்டிருப்பேன். அதை மறுக்க மாட்டேன். அந்த ஆறு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத்தான் தெரியும். வீட்டில் யாரோடும் பேச்சில்லை, சோறு இறங்கவில்லை. நீ அந்தக் கட்டுத் தாளைக் கொண்டுவராவிட்டால் அலமாரியிலிருந்து கார்னெட்டை நான் இறக்கியிருக்கவே மாட்டேன். உனக்குக் கும்பிடு போடத்தான் வேண்டும். ஆனாலும் மனசு ஆறவில்லை. இருபது பேர் ஒன்பது வருடமாக என் பெருமைப் பேச்சைக் கேட்டுச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

புதன்கிழமைதான் அந்த நோட்டை முழுசாகப் பார்த்தேன். என் பெயருக்கு அடுத்த வரி கோவிந்தன். குண்டனி நாட்டில் காபியும் மிளகும் வைத்திருக்கிறவன், இரண்டாம் கார்னெட். அவன் பெயருக்கு நேரே மேல் சி. அடுத்த வருடமும் மேல் சி. ஏழு வருடம் மேல் சி. அடியில் கோடு போட்டிருந்தாய்.

அதைப் பார்த்ததும் எனக்கு வேறு மாதிரி வலித்தது. நீ எனக்காக ஒளித்து வைத்தாய், சரி. அதற்கு ஏழு வருடம் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன். எனக்கு நீ நல்லது செய்யச் செய்ய அவனுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. நீ அதை யோசிக்காமல் இருந்திருக்க மாட்டாய். யோசித்துத்தான் அந்தக் கோட்டைப் போட்டிருப்பாய்.

இப்போது பட்டியல் என் கையில். ஏழு பக்க உருப்படியை எடுக்கச் சொல்லி எல்லாரும் கேட்கிறார்கள். உன்னைப் போல ஒதுக்கி வைக்கலாம், நாற்காலி எனக்கு நிற்கும். இல்லையென்றால் உன்னைப் போல இறக்கி எழுதலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கும் துணிந்தேன். வியாழக்கிழமை பென்சிலை எடுத்து ஆறாம் பக்கத்தை எனக்குத் தோதாக மாற்றி எழுத ஆரம்பித்தேன். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுதான் பழகிவிட்டதே. நாலு தாளக் கட்டம் எழுதினேன். வாயால் பாடிப் பார்த்தேன். உச்சிக்குப் போக வேண்டிய இடத்தில் பாதி வழியில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்த மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறிக் குண்டனி நாட்டுக்குப் போனேன். கோவிந்தன் காபிப் பழத்தைக் களத்தில் கிளறிக்கொண்டிருந்தான். "வாங்கண்ணா, சித்த உக்காருங்க" என்றான். உட்காரவில்லை. நின்றபடியே முதல் கார்னெட்டின் தாளை நீட்டினேன்.

"இது உங்களுதுங்கண்ணா" என்றான், வாங்காமல்.

"எனக்கு வராது. ஊதிக் காட்டு."

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்க் கார்னெட்டோடு வந்தான். என் கையில் இருந்த தாளை அவன் பார்க்கவே இல்லை. நேரே நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஆறாம் பக்கத்தை ஊத ஆரம்பித்தான். முதல் தடவை சி உடைந்தது. இரண்டாம் தடவையும் கீச்சென்று வழுக்கியது. மூன்றாம் தடவை ஏறிப்போய் நின்றது. அழகாக நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நின்றது. களத்தில் இருந்த கோழியெல்லாம் ஓடிப் போயின.

"தாளப் பாக்காம எப்படிறா?"

தலையைக் குனிந்துகொண்டான். "அவரு எனக்கொரு ஜெராக்ஸ் காப்பி குடுத்திருந்தாருங்கண்ணா. ஊட்ல வெச்சு வாசிச்சுட்டு இரு, வெளிய வேண்டாம்னு சொன்னாருங்க."

"எப்பவரைக்கும்னு கேக்கலியா?"

"கேட்டனுங்க. அண்ணனுக்குப் பல்லு செட்டாகட்டும், பொறகு பாக்கலாம்னாருங்க."

அங்கேயே களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பல் செட்டாகட்டும் என்று ஏழு வருடமா! அவனுக்கு ஒரு சாக்கு, எனக்கு ஒரு சாக்கு. நடுவில் நீ ஒருத்தன் இரண்டு பக்கமும் பொய் சொல்லிக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. எப்படித்தான் தூங்கினாயோ.

நேற்று ஒத்திகையில் பட்டியலைப் படித்தேன். முதல் கார்னெட் கோவிந்தன், அடி ஸ்வரம் ஊதுகிற மூன்றாம் கார்னெட் நான். மல்லிகா கிளாரினெட்டைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஆடி மாசம் இங்க நின்னு அவரப் பொறாமைக்காரன்னு சொன்னேன். அது தப்பு. இத்தன பேரு முன்னால சொன்னதால இத்தன பேரு முன்னாலயே திரும்ப வாங்கிக்கறேன்" என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் சொல்ல வராத வாக்கியம் இது. நீ கேட்க வேண்டியதை இருபது பேர் கேட்டார்கள்.

ஏழு பக்க உருப்படியைப் பட்டியலில் இரண்டாவதாக வைத்திருந்தேன். இடைவேளையில் கோவிந்தன் டீக் குவளையோடு பக்கத்தில் வந்தான். "கடைசீல வெச்சாத்தானுங்கண்ணா எடுப்பா இருக்கும்? எதுக்குங்க ரெண்டாவது?" என்று கேட்டான்.

என் வாயில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது, தெரியுமா! கலெக்டர் சீக்கிரம் கிளம்பிவிடுவாராம், அவர் கேட்கட்டுமே என்று சொல்ல நாக்கு புரண்டுவிட்டது. எந்தக் கலெக்டர், எவன் அவரைக் கூப்பிட்டான்? உன்னோடு இத்தனை வருடம் கடையில் உட்கார்ந்ததில் ஆளைப் பார்த்துப் பாட்டு எடுக்கிற புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதோடு இந்தச் சாக்குச் சொல்கிற வியாதியும் ஒட்டியிருக்கிறது. புத்தியை வைத்துக்கொள்கிறேன். வியாதி வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன்.

"நாலஞ்சு உருப்படி ஊதுன பொறகு உன் உதடு தாங்காது கோவிந்தா. சி உடைஞ்சு போயிரும். அதுக்குத்தான் முன்னால வெச்சேன்" என்றேன்.

அவன் முகம் ஒரு கணம் சுண்டியது. டீயை ஒரு மடக்குக் குடித்தான். "ஆமாங்கண்ணா. அஞ்சாவதுலயே வலிக்க ஆரம்பிச்சுருதுங்க. ரெண்டாவதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அவ்வளவுதானடா. வேறு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. கட்டாயம் சண்டை போட்டிருப்பேன். கார்னெட்டைத் தூக்கி மறுபடி அலமாரி மேல் போட்டிருப்பேன். ஒரு மாதம், இல்லை ஒரு வருடமே உன் கடைப் பக்கம் வராமல் இருந்திருப்பேன். பிறகு எனக்கு இருப்புக் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, மூன்றாம் கார்னெட்டின் தாளைக் கொடுடா என்று கேட்டிருப்பேன். நீ உயிரோடு இருக்கும்போதே கேட்டிருப்பேன், பாவி.